தாத்தாவின் மெருகுக் கல்

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று மட்டும் மற்றவற்றோடு கோப்பில் சேராமல் எம் சட்டைப் பையிலேயே நான்கைந்து நாள் கிடந்தது. எழுதியவர் நாகபுரியில் குடியிருக்கும் ஓர் அன்னையார். அவருடைய கணவரின் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் நாட்டு வைத்தியராக இருந்தவராம். அவர் கையாண்ட ஏட்டுச் சுவடிகள் ஒரு கட்டு, குடும்பம் வடக்கே வந்தபோது கூடவே வந்து, அலமாரியின் மேல் மஞ்சள் துணியில் முடிந்தபடி இருக்கின்றன. வேதியியலில் பட்டம் பெற்ற மகள், சுவடிகளையும் பழம் பொருள்களையும் பாதுகாக்கும் கலையை மேற்கொண்டு பயில வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறாள். உறவினர் நகைக்கின்றனர். "பழைய ஓலைக்கு எண்ணெய் தடவுவதற்கா ஒரு பட்டம்?" என்று கேட்கின்றனர். "அதில் சோறு உண்டா? நாங்கள் இசையலாமா?" என்பது அன்னையாரின் வினா.

"இசையுங்கள்" என்று ஒரு சொல்லில் எழுதி முடித்திருக்கலாம். ஆயின் இதே வினா 2012-இல் எம் இல்லத்தில் எழுந்தபோது, "கூடாது" என்று சொன்னவர் யாமே. அதை மறைத்துக்கொண்டு பிறர் வீட்டுப் பிள்ளைக்கு அறிவுரை சொல்வது நேர்மை ஆகாது. எனவே முதலில் எம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

எம் பாட்டனார் சுண்ணாம்புக் கொத்தர். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு மாளிகை போன்ற வீடுகளை எழுப்பிய காலத்தின் கடைப் பகுதியில், தம் தந்தையாருக்குக் கையாளாகச் சுண்ணாம்பு குழைத்தவர். அவ்வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்: பளிங்கு போலக் குளிர்ந்திருக்கும், முகம் தெரியும். சுண்ணமும் மணலும் கலந்த பருவெட்டான பூச்சு அடியிலே. அதன்மேல் வரவர நயமான பூச்சுகள். எல்லாவற்றிற்கும் மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டையின் வெண்கரு சேர்த்து இழைத்த மெல்லிய பூச்சு. அது ஈரமாயிருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்காகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். வியர்வையைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். அந்தக் கல்லுக்கு எம் வீட்டில் 'மெருகுக் கல்' என்று பெயர்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. செட்டிநாட்டுப் பெருவீட்டு வேலையும் அதனோடு ஓய்ந்தது. ஓய்ந்தபின் கோயில் மதில், பள்ளிக்கூடம், சில்லறைப் பழுது என்று சில காலம் ஓடியது. பிறகு சிமெண்டு வந்தது. (வந்தது என்ன, இந்நாட்டில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சியே 1904-இல் நம் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கிளிஞ்சலைக் கொண்டு! அது நிலைக்கவில்லை, 1914-இல் போர்பந்தரில் தொடங்கியதே நிலைத்தது.) சுண்ணாம்பு பல நாள் ஊற வேண்டும், அரைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். சிமெண்டோ காலையில் குழைத்தால் மாலையில் இறுகிவிடும். காத்திருக்க யாருக்குப் பொழுது இருந்தது?

எம் தந்தையார் 1980-இல் தில்லிக்கு வந்து இரயில்வேயில் கொத்தனாராகச் சேர்ந்தார். அவர் பூசியதெல்லாம் சிமெண்டே. சுண்ணாம்பைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அது கையைத் தின்னும். நீங்கள் பேனாப் பிடியுங்கள்." 2006-இல் பணியிலிருக்கும்போதே அவர் காலமானார். பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியிருந்த யாம் கலாசியாக நுழைந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். பேனாப் பிடித்தாயிற்று. எம் தம்பி எம்மினும் பெரிய பேனாவாகப் பிடிக்க வேண்டும் என்பதே அன்று எம் ஒரே எண்ணம்.

2011-ஆம் ஆண்டு திசம்பரில் ஊரிலிருந்து பெரியப்பா வந்தார். தந்தையாருக்கு மூத்தவர். சிறுவயதில் பாட்டனாரோடு சுண்ணாம்பு வேலை பழகி, பின்னர் அதை விட்டு விவசாயம் பார்த்தவர். ஊரிலிருந்து வருவோரை நாம் எங்கெங்கே அழைத்துச் செல்வோம் என்பது தில்லித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டை, குதுப்மினார், மலை மந்திர், நேரம் இருந்தால் உமாயூன் கல்லறை. நிசாமுதீன் இரயில் நிலையத்துக்கு அருகே இருப்பதால், ஊருக்குத் திரும்பும் நாளில் மூட்டையோடு போய்ப் பார்த்துவிட்டு வண்டியேறும் இடம் என்ற அளவில்தான் எமக்கும் அதன் மதிப்பு.

அப்போது அங்கே பெரும் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. 1570-ஐ ஒட்டி முடிக்கப்பெற்ற அக்கட்டடத்தை, இந்தியத் தொல்லியல் துறையின் மேற்பார்வையில் ஆகாகான் அறக்கட்டளையார் 2007 முதல் செப்பனிட்டு வந்தனர். மாளிகை வேலை 2013-இல் நிறைவெய்தியது. இருபதாம் நூற்றாண்டில் கூரை ஒழுகியபோதெல்லாம் நல்லெண்ணத்தோடு சிமெண்டுக் காங்கிரீட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வந்திருக்கின்றனர். அவ்வாறு சேர்ந்த பாரம் பத்து இலட்சம் கிலோ! அத்தனையையும் இயந்திர அதிர்வு கட்டடத்தைக் குலைத்துவிடும் என்று அஞ்சிக் கையாலேயே கொத்தி இறக்கினார்கள். இறக்கிய இடத்தில் மறுபடியும் சுண்ணாம்பு.

யாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா நடையை நிறுத்திவிட்டார். ஓரமாக ஒரு முதிய கொத்தர் சுண்ணாம்புச் சாந்தைக் கிளறிக்கொண்டிருந்தார், இராசத்தான் பக்கத்தவர். பெரியப்பா நேரே போய்க் குந்தி, ஒரு விரலில் சாந்தை வழித்து, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"வெல்லம் போட்டிருக்கான்யா. இன்னும் என்னமோ பழம் இருக்கு. நம்ம கடுக்காய் இல்லை."

அந்த முதியவருக்குத் தமிழ் தெரியாது. பெரியப்பாவுக்கு இந்தி தெரியாது. எம் தம்பிதான் இடையில் நின்றான். அது வில்வப் பழம். உளுந்தும் சேர்ப்பார்களாம். நாங்கள் கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறவைத்துப் புளித்த நீரைச் சேர்ப்போம் என்று பெரியப்பா சொன்னார். முதியவர் தலையை ஆட்டிவிட்டுத் தம் உள்ளங்கையைக் காட்டினார். பெரியப்பாவும் காட்டினார். இருவர் கையிலும் ஒரே வகையான வெடிப்பு. அதற்குமேல் தம்பியின் மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை; விரலாலும் முகத்தாலும் அரைமணி நேரம் பேசினார்கள். கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியை எண்ணி யாம் பதைத்தோம். வண்டி கிடைத்தது, ஆனால் தம்பியை அன்று அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுதல் நன்று. பழைய கட்டடத்துக்குச் சிமெண்டு ஏன் ஆகாது என்று பலர் வினவுகின்றனர். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்ட கல்லை நீர் ஊற்றித் தாளித்து, ஊறவிட்டு, சாந்தாக்கிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உண்டு மீண்டும் கல்லாகிறது. இதற்குத் திங்கள்களும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். இறுகிய பின்னும் அது நுண்துளை உடையது. மழைநீர் புகுந்தாலும் வெயிலில் ஆவியாய் வெளியேற வழி உண்டு. செங்கல்லினும் சாந்து மெத்தென்றிருப்பதால், கட்டடம் சிறிது அசைந்தால் சாந்து நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்டு செங்கல்லினும் கடினமானது. ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துவது. சிறைப்பட்ட நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வேறு வழி தேடுகையில், சிமெண்டுப் பூச்சு நிற்கிறது. உள்ளேயிருக்கும் பழைய செங்கல் பொடிந்துபோகிறது. நம் ஊர்க் கோயில்களிலும் பழைய வீடுகளிலும் "நன்றாகப் பூசினோமே, பிறகும் உதிர்கிறதே" என்று வருந்துவோர் பூசிய பொருளையே ஐயுற வேண்டும்.

இவ்வளவும் யாம் தம்பியிடமிருந்து பிற்காலத்தில் கற்றவை. அன்று யாதும் அறியோம்.

2012-இல் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். "அண்ணே, ஓர் ஆண்டு ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்கிறேன். பிறகு கட்டடப் பாதுகாப்புப் படிப்பு ஏதேனும் படிக்கிறேன்" என்றான். அடுக்களையிலிருந்த அம்மா வெளியே வந்து எம் முகத்தைப் பார்த்தார்கள். யாம் சொன்னவற்றை இங்கே முழுமையாக எழுதக் கை கூசுகிறது. "அப்பா எதிலிருந்து தப்பித்து வந்தாரோ அதிலேயே போய் விழுகிறாயா?" என்றோம். "பெண் கேட்கப் போகும் வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்றால் சுண்ணாம்பு குழைக்கிறான் என்றா சொல்வது?" என்றோம். தம்பி மறுமொழி கூறவில்லை. எங்கள் குடும்பங்களில் தந்தையை இழந்தபின் மூத்தவன் சொல் தந்தை சொல். அந்த வசதியை யாம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டோம்.

வைப்புநிதியிலிருந்து கடன் எடுத்து அவனை ஒரு தனியார் பொறியியற் கல்லூரியில் கணினிப் பிரிவில் சேர்த்தோம். முதலாண்டில் நான்கு பாடம் தவறின. இரண்டாமாண்டில் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உமாயூன் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தான் என்பது பின்னர்த் தெரிந்தது. 2014 பொங்கல் கழிந்த சில நாளில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியப்பா காலமாகிவிட்டார்.

எம் தம்பி அழுததை இரண்டே முறை பார்த்திருக்கிறோம். தந்தையார் இறந்தபோது ஒன்று, அது மற்றொன்று. ஊரில் காரியங்கள் முடிந்தபின் பெரியம்மாவிடம் அவன் கேட்டான்: மேல்பூச்சுக்கு வெண்கரு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, எத்தனை நாள் ஊற வேண்டும் என்று. "முட்டை வாங்கியாரச் சொல்லுவாகன்னு தெரியும். எத்தனைன்னு யாரு கண்டா? அவுக கையில பாத்தே போடுவாக" என்றார் பெரியம்மா. ஊரில் கேட்டறிய வேறு யாருமில்லை. மூன்று தலைமுறைக் கணக்கு ஒரு கையில் இருந்தது, அக்கை எரிந்துபோயிற்று. ஓராண்டு அவன் அங்கே இருந்திருந்தால் அது எங்கள் வீட்டில் இருந்திருக்கும். இதில் யாரையும் குறைகூற எமக்கு இடமில்லை, தடுத்தது யாம்.

அதன்பின் யாம் வாய் திறக்கவில்லை. தம்பி கல்லூரியை விட்டான். தில்லியிலேயே வரலாற்றில் பட்ட வகுப்பில் சேர்ந்து, விடுமுறை நாள்களிலும் கோடை முழுமையும் பழங்கட்டடப் பழுதுவேலை நடக்கும் இடங்களில் கூலியாளாகவே சேர்ந்து சுண்ணாம்பு சலித்தான். பின்னர்ப் பாதுகாப்புத் துறையில் மேற்படிப்பு. வைப்புநிதிக் கடன் நீளநீளப் போயிற்று. இன்று அவன் சுண்ணாம்பு வேலை மேற்பார்வையாளன். ஒரு கட்டடத்தின் பழைய சாந்தை எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, அதில் என்ன மணல், என்ன விகிதம் என்று கண்டு, அதற்கு ஒத்த சாந்தை ஆக்குவிப்பது அவன் பணி. திங்கள்தோறும் உறுதியாக வரும் சம்பளம் அன்று. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். எம் குமாஸ்தாச் சம்பளத்தை விடச் சில ஆண்டு மிகுதி, சில ஆண்டு குறைவு. நாகபுரி அன்னையார் இதை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும். "சோறு உண்டா?" என்றால் உண்டு, நெய் எப்போதும் உண்டென்று சொல்ல மாட்டோம்.

இனி அவர்தம் மகளைப் பற்றி.

ஓலைக்கு எண்ணெய் தடவுவதைப் பற்றி நகைப்போர், அந்த எண்ணெய் யாது என்று அறிந்து நகைத்தால் நன்று. புல்தைலம் என்று நாம் அழைக்கும் எலுமிச்சம்புல் எண்ணெய் ஓலையை வளையச் செய்கிறது, பூச்சியையும் அண்டவிடாது. பழங்காலத்தில் புதிய சுவடிக்கு மஞ்சளும் கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் சேர்த்துப் பூசுவார்கள். அதற்கு மையாடல் என்று பெயர். எழுத்து விளங்குவதற்காகவும் ஏடு கெடாதிருப்பதற்காகவும் செய்யப்பட்ட அச்செயலைப் பிள்ளைகளைப் பள்ளியில் வைக்கும்போது சடங்காகவே நடத்தினர். ஆகவே இது நேற்று முளைத்த படிப்பன்று. எவ்வளவு தடவுவது, எந்த ஓலைக்குத் தடவலாகாது, செல்லரித்த ஏட்டின் ஓட்டையை எதனால் ஒட்டுவது, படம்பிடிக்கும்போது எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்பவையே இன்று கற்பிக்கப்படுவன. அதற்கு வேதியியல் பட்டம் பொருத்தமானது, மிகையன்று.

சான்று வேண்டுமானால் நம் சென்னையிலேயே உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. களிம்பேறி அரித்துக்கொண்டிருந்த செப்புத் திருமேனிகளைக் காப்பதே அதன் முதல் வேலை. அதை ஏற்று நடத்தியவர் எஸ். பரமசிவன் என்னும் வேதியியல் அறிஞர். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அவர்களால் கண்டறியப்பட்ட பின், அவ்வோவியங்களின் சுண்ணப் பூச்சு எத்தகையது, வண்ணம் எவ்வாறு ஏற்றப்பட்டது என்று ஆராய்ந்தவரும் அவரே. பிற்காலத்தில் சோழர் ஓவியத்தின் மேலிருந்த நாயக்கர் காலத்து ஓவியத்தையும் அழிக்காமல், பெயர்த்தெடுத்து வேறு பலகையில் பதித்துக் காட்டினர் தொல்லியல் துறையின் வேதியியலார். கீழே உள்ளதைக் காண மேலே உள்ளதைச் சுரண்டி எறியாத அந்தப் பொறுமையை எண்ணும்போதெல்லாம் எமக்கு வியப்பே மிகுகிறது. யாம் சுரண்டி எறிந்திருப்போம்.

படிக்கும் இடங்கள்: தில்லியில் தேசிய அருங்காட்சியகத்தைச் சார்ந்து 1989-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் இப்போது நொய்டாவில் இயங்குகிறது, அங்கே பாதுகாப்பியலில் முதுகலை உண்டு. இலக்குமணபுரியில், அதாவது லக்னோவில், 1976 முதல் பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது, பயிற்சியும் அளிக்கின்றனர். கட்டடம் பற்றிப் பயில விழைவோர் கட்டடக்கலைப் பட்டம் பெற்றபின் தில்லித் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் சேரலாம். சிற்பமும் கோயிற் கட்டடமும் மரபு வழியில் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு 1957-இல் தோன்றிய மாமல்லபுரக் கல்லூரி இருக்கிறது. வேலை எங்கே என்றால், சுவடிக்கு 1869-இல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் தஞ்சைச் சரசுவதி மகாலும் போன்ற இடங்கள், அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், 1984-இல் தோன்றிய இண்டாக் போன்ற அமைப்புகள். இடங்கள் குறைவு, தேர்வுகள் கடினம். ஆனால் போட்டிக்கு வருவோரும் கணினிக்கு வருவோர் போல் இலட்சக்கணக்கில் இலர்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தொல்லியல் துறை 2014-இல் வெளியிட்ட பாதுகாப்புக் கொள்கையில், மரபுவழிக் கைவினைஞரின் அறிவுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. தாளில் எழுதியது தளத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு. கூலி கொடுக்கும் நேரத்தில் "மிஸ்திரி மிஸ்திரிதான்" என்கிறார்கள் என்று தம்பி கசந்து சொல்வான். நான்கு தலைமுறை கைப்பழக்கம் உள்ள கொத்தருக்குச் சான்றிதழ் இல்லாததால் நாட்கூலி. சான்றிதழ் உள்ள எம் தம்பிக்கு மேற்பார்வை. அவனுக்கே அது உறுத்துகிறது.

எம் இலாகாவையும் விட்டுவிடலாகாது. உதகை மலைப்பாதை 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்டது. 2005-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். சுவிட்சர்லாந்தில் செய்த அந்த 'எக்ஸ்' வகை எஞ்சின்களுக்கு உதிரிப் பொருள் எங்கே கிடைக்கும்? பொன்மலைப் பணிமனையிலே நம்மவர் கையாலேயே செய்தனர். 2011 முதல் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டி அனுப்பினர். அப்பன் பணிமனையில் கடைசல் பிடித்தான், மகனும் பிடிக்கிறான் என்ற குடும்பங்கள் பொன்மலையில் எத்தனையோ. நம் அன்பர்களுள் அங்கிருந்து வந்தவர்கள் இருப்பின், மூத்தோரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இப்பகுதியில் இடம் தருவோம்.

நாகபுரி அன்னையாருக்கு ஒரு வேண்டுகோள். மகள் படிக்கச் செல்லுமுன், அந்த மஞ்சள் முடிப்பை அவளே அவிழ்க்கட்டும். ஏடுகளின் வரிசை குலையாமல் எண்ணிட்டுப் படம் எடுக்கட்டும். ஒட்டுநாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் தாளில் வைத்து உருக்கி மூடுவதும் வேண்டவே வேண்டா. உங்கள் மாமியார் இருந்தால், பாட்டனார் எந்த மருந்தை எப்போது இடித்தார், எந்த ஏட்டைப் பார்த்துப் படித்தார் என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதிக்கொள்ளட்டும். ஓலையில் உள்ளது நூறாண்டு காத்திருக்கும். மாமியாரிடம் உள்ளது காத்திராது. உறவினர் நகைத்தால் எம்மைக் கைகாட்டுங்கள். கணினிக் கல்லூரிக்குக் கட்டிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் குமாஸ்தா ஒருவன் தில்லியில் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு தம்பிக்குச் செட்டிநாட்டில் ஒரு வேலை கிடைத்தது. விடுதியாக மாற்றப்படும் பழைய வீடு; வளவின் மூன்று பக்கச் சுவரில் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தது. எம் பாட்டனாரும் அவர் தந்தையாரும் அவ்வூரில் வேலை செய்தனர் என்பது உண்மை. அந்த வீட்டிலா, அடுத்த தெருவிலா, எந்தச் சுவர் என்று சொல்ல யாருமில்லை. தம்பி ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தானாம். "தெரியவில்லை, அண்ணே" என்றான் தொலைபேசியில். மேல்பூச்சுக்கு ஏழு விகிதம் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆறும் வெடித்து, ஏழாவது நின்றிருக்கிறது. அது பெரியப்பாவின் கணக்குத்தானா என்பதும் தெரியாது.

மெருகு ஏற்றும் நாள் நெருங்கியபோது அம்மாவிடம் பேச வேண்டும் என்றான். தந்தையார் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டனாரின் மெருகுக் கல், முப்பதாண்டாக எங்கள் இரயில்வே குடியிருப்பின் அடுக்களையில் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தது. 2011-இல் பெரியப்பா வந்தபோது அதைக் கையில் எடுத்து, "இது எங்க அப்பாவோடதுல்ல" என்று சொல்லிக் கழுவி வைத்ததை யாம் மறந்திருந்தோம், அவன் மறக்கவில்லை. அம்மா அதைப் புளி தேய்த்துத் துலக்கி, ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். மேலே ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதச் சொன்னார்கள், எழுதினோம். நிசாமுதீன் நிலையத்தில் தெரிந்த அன்பர் ஒருவர் தெற்கே போகிறவர், வாங்கிக்கொண்டார்.

கல் இன்னும் திரும்பி வரவில்லை. வேலை முடியவில்லையாம். அம்மா இப்போது தம்ளரின் அடியால் இஞ்சி நசுக்குகிறார்கள்.